கிணற்றுக் கணக்கு

“தம்பி, பழைய கார் எண்டிறது பாழுங்கிணறு. காசைப் போட்டால் விழுந்த சத்தம்கூடக் கேளாது. அதிலையும் கியர் வண்டி! உனக்கென்ன விசரே?”

லண்டன் ஹரோவில் ஒரு பிறந்தநாள் மண்டபம். ரோல்ஸ் தட்டைக் கையில் ஏந்தியபடி சித்தப்பா இப்படிச் சொன்னார். சொன்னது எனக்கு, கேட்டது மேசையைச் சுற்றியிருந்த எட்டுப் பேர். அடுத்த ஐந்து நிமிடத்தில் எட்டுப் பேரும் ஒரே கட்சி. ஒட்டோமற்றிக்தான் இப்போது வேகம் என்றார் ஒருவர். இருபத்தைந்து வருசத்துக் காரை வாங்குகிறவன் மெக்கானிக்கின் பிள்ளைகளுக்குச் சீதனம் சேர்க்கிறான் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் என் வயதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். மனைவி என் பக்கம் பார்க்கவேயில்லை.

சத்தத்தில் அங்கே பதில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன். பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் எவரும் தப்பித்துக்கொள்ளலாம். ஆகவே என்னிடம் உள்ள காரையே எடுத்துக்கொள்கிறேன்: 1997ஆம் ஆண்டு மஸ்டா எம்எக்ஸ்-5, 1.8 லீற்றர், ஐந்து கியர், இரண்டே இருக்கை, துணிக் கூரை, பொத்தானை அழுத்தினால் தவளைக் கண்போல எழும்பும் முன்விளக்குகள். 2019 வசந்தத்தில் நோர்தாம்ப்டனில் 3,200 பவுணுக்கு வாங்கினேன்.

முதலில் இந்தக் கிணற்றுக் கதை எங்கிருந்து வந்தது என்று பார்க்கவேண்டும், ஏனென்றால் அது பொய்யில்லை. ஒரு காலத்தில் முழு உண்மை. 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்து விற்கப்பட்ட எம்.ஜி.பி என்ற காரைச் சுற்றித்தான் இந்த நாட்டில் ‘பழைய ஸ்போர்ட்ஸ் கார்’ என்ற எண்ணமே உருவானது. பார்க்க வடிவான கார். நிறுத்திவைத்த இடத்தில் எண்ணெயில் கோலம் போடும், ஈரக் காலையில் ஸ்டார்ட் ஆகாது, கூரையை மடிப்பதென்றால் கூடாரம் பிரிப்பதுபோல ஒரு வேலை. ஞாயிற்றுக்கிழமை பொனெற்றைத் திறந்துவைத்துக்கொண்டு தெருவோரம் நின்ற வெள்ளைக்காரர்களிடமிருந்து பிறந்த பழமொழியை நாங்கள் வந்திறங்கியபோது பால் விட்ட தேத்தண்ணியோடு சேர்த்து வாங்கிக்கொண்டோம். பிறகு யாரும் அதைத் தூசு தட்டிப் பார்க்கவில்லை.

இதில் உள்ள வேடிக்கை என்னவென்றால், எம்எக்ஸ்-5 பிறந்ததே அந்தப் பழமொழிக்குப் பதிலாகத்தான். இங்கிலாந்துக் குட்டி ரோட்ஸ்டர்களைப் போல ஒன்றைச் செய்யுங்கள் என்று பொப் ஹோல் என்ற அமெரிக்க மோட்டார் பத்திரிகையாளர் 1970களின் இறுதியில் மஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம் சொன்னார். பிறகு ஹோல் மஸ்டாவிலேயே வேலைக்குச் சேர்ந்தார். தொஷிஹிக்கோ ஹிராய் தலைமையில் அது காராகி, 1989 பெப்ரவரியில் சிக்காகோ கண்காட்சியில் திரை விலகியது. எஞ்சின் முன்னால், ஓட்டம் பின்சில்லுகளுக்கு, எடை ஏறத்தாழ ஒரு தொன். இங்கிலாந்து ரோட்ஸ்டரான லோட்டஸ் எலானின் சாயல் அதில் இருப்பது எவர் கண்ணுக்கும் தெரியும். ஆனால் மழையிலும் ஸ்டார்ட் ஆகும். கூரையை உட்கார்ந்தபடியே ஒற்றைக் கையால் பின்னால் தள்ளலாம். எஞ்சினோ மஸ்டாவின் சாதாரணக் குடும்பக் கார்களில் ஓடிய வம்சம். 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் வெளியே வந்தது. பத்து லட்சம் செய்த காருக்கு உதிரிப்பாகம் கிடைக்காது என்று பயப்படுவது, யாழ்ப்பாணத்தில் பனங்கிழங்கு கிடைக்குமோ என்று கேட்பதைப் போன்றது. போதாததற்கு, முதல் தலைமுறைக் கார்களைத் தானே புதுப்பித்துக் கொடுக்கும் திட்டத்தை 2017இல் மஸ்டா ஜப்பானில் அறிவித்தது. நின்றுபோன பாகங்கள் சிலவற்றையும் மறுபடி செய்யத் தொடங்கியது.

சரி, காசுக்கு வருவோம். சித்தப்பாவுக்குக் கொப்பிதான் வேதம், எனக்கும் அப்படியே. ஆறு ஆண்டில் இந்தக் கார் தின்றதை எழுதிவைத்திருக்கிறேன். டைமிங் பெல்ட்டும் தண்ணிப் பம்பும் 420 பவுண். புதுக் கூரைத் துணி, பூட்டுக் கூலியோடு 600. நான்கு டயர் 260. இறுகிப்போன பின் பிறேக் காலிப்பர்கள் இரண்டும் 240 (இது இந்தக் காரின் குலநோய்). இரு பக்கமும் சில்லை வெட்டி வெல்டிங் செய்தது 700. சில் என்பது கதவுக்கடியில் ஓடும் சட்டம், அதைப் பற்றிப் பிறகு நிறையச் சொல்ல இருக்கிறது. எண்ணெய், வடிகட்டி, பிளக் என்று சில்லறையாக 500. ஆண்டுதோறும் கட்டாயமான எம்.ஓ.ரி தகுதிச் சோதனைகள் ஆறுக்கு 300. கிளச்சின் ஸ்லேவ் சிலிண்டர் 28, நானே பூட்டினேன். மொத்தம் 3,048. சாலை வரி ஏறத்தாழ 1,800. குறைந்த மைல் ஓட்டத்துக்கான இன்சூரன்ஸ் ஆண்டுக்கு 190, ஆறு ஆண்டில் 1,140. எல்லாம் கூட்டினால் ஆறாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. பெற்றோலைச் சேர்க்கவில்லை, அது எந்தக் காருக்கும் உண்டு. மாதத்துக்கு 83 பவுண். இன்று விற்றால் வாங்கிய விலைக்குக் குறையாது.

இப்போது அந்த மேசையில் என்னைப் பார்த்துச் சிரித்தவரின் கணக்கு. புதிய எஸ்.யூ.வி, பி.சி.பி ஒப்பந்தம், முற்பணம் 4,000, மாதம் 389, நாலு வருசம். கட்டி முடித்தால் 22,672. முடிகிற நாளில் பெரிய தொகை ஒன்றைக் கட்டினால்தான் கார் அவருடையது. கட்டாவிட்டால் திறப்பைக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வரவேண்டும், அல்லது அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவேண்டும். அவருக்கு வரியும் இன்சூரன்ஸும் தனி. இதை யாரும் கிணறு என்று சொல்வதில்லை. மாதாமாதம் வங்கியிலிருந்து சத்தமில்லாமல் போகிற காசுக்கு ‘செலவு’ என்ற பெயர்கூட இல்லை, அது ‘கட்டுக்காசு’. நான் ஒரு தடவையில் 700 பவுணை வெல்டிங்காரரின் கையில் எண்ணி வைத்தால் மட்டும் ஊர் கூடி ஒப்பாரி.

காரில் பெரிய செலவு மெக்கானிக் இல்லை, விலை இறக்கம். புதிய கார் மூன்று ஆண்டில் பாதி விலைக்கு வருவது இங்கே சாதாரணம். பழைய ஸ்போர்ட்ஸ் கார் அந்தப் பள்ளத்தில் எப்போதோ விழுந்து எழும்பிவிட்டது. விழுந்தபோது காசைக் கொடுத்தவர் 1997இல் புதிதாய் வாங்கிய புண்ணியவான். அவர் யாரோ, நன்றாயிருக்கட்டும்.

“உன்ரை நேரத்தை எழுதேல்லையே?” என்று சித்தப்பா கேட்பார். கேட்கட்டும். அவர் சனிக்கிழமைகளில் கிரிக்கெட் பார்க்கும் நேரத்தை அவரும் எழுதுவதில்லை.

ஒரு விடயத்தை மறைக்க விரும்பவில்லை. இது எங்கள் வீட்டின் ஒரே கார் அல்ல. பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோகவும், அரிசி மூட்டையை வீட்டுக்குக் கொண்டுவரவும் ஒன்பது வருசத்து ரொயோட்டா ஹைபிரிட் ஒன்று நிற்கிறது. அதில் மாற்றுவதற்குக் கியரே இல்லை. நல்ல கார், குறை சொல்ல ஒன்றுமில்லை. கடமைக்கு ஒன்றும் ஆசைக்கு ஒன்றுமாக இரண்டையும் சேர்த்தாலும் அந்த எஸ்.யூ.விக்குப் போகும் காசு எனக்குப் போகவில்லை. கடமையையும் ஆசையையும் ஒரே காரில் வாங்கப் போகிறவர்தான் நாற்பதாயிரம் பவுண் காரில் போய் நிற்கிறார். கடைசியில் அது இரண்டையும் அரைகுறையாகச் செய்கிறது.

இனிக் கியர். “ஒட்டோமற்றிக்தான் இப்ப வேகம், ஃபார்முலா ஒன்னிலையே கியர் தடி இல்லை” என்பது அந்த மேசையின் பிரம்மாஸ்திரம். நான் இருப்பது மில்ற்றன் கீன்ஸில். ரெட் புல் பந்தய அணியின் தொழிற்சாலை எங்கள் ஊரில்தான் இருக்கிறது, அதனால் இந்த வாதத்தை வாரம் ஒரு தடவையாவது கேட்டுவிடுவேன். ஃபார்முலா ஒன்னில் கியர் தடிக்கு முடிவு எழுதிய கார் ஃபெராரி 640. ஜோன் பார்னார்ட் வடிவமைத்தது. ஸ்ரியறிங்கின் பின்னால் உள்ள துடுப்பைத் தட்டினால் கியர் மாறும். 1989 மார்ச்சில் பிரேசிலில் முதல் பந்தயத்திலேயே நைஜல் மான்செல் அதை ஓட்டி வென்றார். எம்எக்ஸ்-5 திரை விலகி ஏறத்தாழ ஒன்றரை மாதமே ஆகியிருந்த நேரம். பார்னார்டின் கியர்ப் பெட்டி பந்தயத்தை வென்றது, ஆனால் அந்த ஆண்டில் ஃபெராரிகள் பல பந்தயங்களை முடிக்கவேயில்லை. பிறகு சீராகி, எல்லா அணிகளும் அதற்கு மாறின. மாறியது சரிதான். மான்செலின் தொழில் விநாடியின் பத்திலொரு பங்கைக் குறைப்பது. நான் போவது வூபர்ன் பக்கம் தேத்தண்ணி குடிக்க.

இதைவிட முக்கியமான ஓட்டை ஒன்று அந்த வாதத்தில் இருக்கிறது. ஒட்டோமற்றிக் வேகம், சிக்கனம் என்று சொல்கிறவர் மனதில் வைத்திருப்பது இன்றைய பெட்டியை: எட்டுக் கியர், இரட்டைக் கிளச், கண் இமைக்குமுன் மாறுகிறது. ஆனால் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப்போகிறவருக்கு அந்தப் பெட்டி கிடைக்காது. அவருக்குக் கிடைப்பது அந்தக் காலத்து ஒட்டோமற்றிக். எம்எக்ஸ்-5க்கும் அப்படியொன்று இருந்தது. நாலே கியர், ஏறுமுகத்தில் யோசித்து யோசித்து மாறும், பெற்றோலும் கூடக் குடிக்கும். பழைய கார்ச் சந்தையில் அதை யாரும் தேடி வருவதில்லை. அதற்குப் பிறகு, 1990களின் கடைசியிலிருந்து, கிளச்சை மோட்டாரும் எண்ணெய் அழுத்தப் பம்பும் மிதிக்கும் இடைக்காலப் பெட்டிகள் வந்தன. விலை கூடிய கார்களில் பெருமையோடு பூட்டிய அந்தப் பம்புகளுக்கும் வால்வுகளுக்கும் இன்று இருபது வயது தாண்டிவிட்டது. அவற்றைத் திருத்தத் தெரிந்தவரைத் தேடி நாலு ஊர் போகவேண்டும். இரட்டைக் கிளச்சும் பிறந்தவுடன் பட்டத்துக்கு வரவில்லை. 2013இல் ஃபோக்ஸ்வாகன் சீனாவில் மட்டும் 3,80,000க்கும் மேற்பட்ட கார்களை அந்தப் பெட்டியின் கோளாறுக்காகத் திரும்ப அழைத்தது. ஆக, பழைய காரில் தெரிவு கியர் தடிக்கும் இன்றைய அதிசயப் பெட்டிக்கும் இடையில் இல்லை. கியர் தடிக்கும் நேற்றைய அரைவேக்காட்டுக்கும் இடையில். புதுக் கார் வாங்குகிறவருக்குச் சரியான புத்திமதியைப் பழைய கார் வாங்குகிறவனின் தலையில் கட்டுகிறார்கள். அந்த மேசையின் பிழை முழுக்க இந்த ஒரு இடத்தில்தான்.

கியர் தடி எப்படி வயதாகிறது என்று கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். மூன்றாம் குளிர்காலத்தில் என் காரில் தடியின் அடியிலிருந்து வெதுவெதுப்பும் இரைச்சலும் வரத் தொடங்கின. இரண்டாம் கியர் காலையில் முறுக்கிக்கொண்டது. ஒரு கராஜில் காட்டினேன். தடியை ஒரு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டு, கியர்பொக்ஸையே மாற்றவேண்டும், 900 பவுண் ஆகும் என்றார்கள். கிணறு உண்மைதானோ என்று அன்றிரவு எனக்கும் ஒரு நடுக்கம் வந்தது. அடுத்த சனிக்கிழமை நானே கழற்றினேன். தடியின் உருண்டையைத் திருகி எடுத்து, இருக்கைகளுக்கு நடுவில் உள்ள பெட்டியைக் கழற்றினால் கீழே ஒரு ரப்பர் உறை. கிழிந்து கிடந்தது. அதற்குக் கீழே இன்னொன்று, அதுவும் கிழிசல். மூன்று போல்ட். தடியை மேலே இழுத்தால், ஒரு சிறு கிண்ணத்திலிருந்து அகப்பை வருவதுபோல வருகிறது. இந்தக் காரில் தடி கியர்பொக்ஸின் தலையிலேயே குந்தியிருக்கிறது, இடையில் கம்பியும் இல்லை, கயிறும் இல்லை. தடியின் அடி உருளும் அந்தக் கிண்ணத்துக்கென்று தனியாகக் கொஞ்சம் எண்ணெய் உண்டு. என் கிண்ணத்தில் இருந்தது கரிக்குழம்பு. உறிஞ்சி எடுத்து, மருந்து ஊசியால் புது எண்ணெயை நூறு மில்லிக்கும் குறைவாக விட்டேன். தேத்தண்ணிக் குவளையில் பாதிகூட வராது. இரண்டு ரப்பர் உறையும் எண்ணெயும் சேர்த்து நாற்பது பவுண் ஆகவில்லை. இரைச்சல் நின்றது. இரண்டாம் கியர் இன்றும் குளிரில் முதல் ஒரு மைலுக்கு முகம் காட்டும். அது இந்தப் பெட்டியின் சுபாவம். சூடேறும்வரை அதை அவசரப்படுத்தாமல் மெல்லத் தள்ளவேண்டும். அவ்வளவுதான்.

தொள்ளாயிரத்துக்கும் நாற்பதுக்கும் உள்ள தூரத்தைத்தான் நான் சொல்கிறேன். பழுது எல்லாக் காருக்கும் வரும். திறந்து பார்த்தால் விளங்குகிற பழுதா, பெட்டியோடு தூக்கி எறியச் சொல்கிற பழுதா என்பதுதான் கேள்வி. கியர் வண்டியில் தேய்வது கிளச் தகடு, ஒழுகுவது விரல் நீளச் சிலிண்டர், கிழிவது ரப்பர். இவற்றுக்கு மென்பொருள் வேண்டாம், டீலரின் மடிக்கணினி வேண்டாம்.

கார் செய்கிறவர்களே இந்தப் பாடத்தைச் செலவழித்துத்தான் படித்தார்கள். 2013இல் போர்ஷே தன் 911 ஜி.ரி.3 காரிலிருந்து கியர் தடியைக் கழற்றியது. இரட்டைக் கிளச் வேகம், வாடிக்கையாளருக்கு அது போதும் என்று நினைத்தது. 2016இல் கியர் தடி மட்டுமே உள்ள 911 ஆர் என்று 991 கார்களைச் செய்தபோது அவை உடனே முடிந்தன. வாங்கியவர்களில் சிலர் கொடுத்த விலையைவிடப் பல மடங்குக்கு விற்றார்கள். அடுத்த ஆண்டே ஜி.ரி.3க்குத் தடி திரும்பி வந்தது. ஹொண்டா எஸ்2000 காரை 1999 முதல் 2009 வரை செய்தார்கள். பத்து ஆண்டில் ஒரு ஒட்டோமற்றிக் கூட வரவில்லை.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை போதும். என் கார் நின்ற இடத்திலிருந்து 60 மைல் வேகத்தைத் தொட எட்டரை, ஒன்பது விநாடி எடுக்கும். பக்கத்து வீட்டுப் பற்றறிக் கார் பிள்ளை இருக்கைகளோடு என்னை முந்திவிடும். முந்தட்டும். இந்த நாட்டு ஒற்றைச் சாலையில் எல்லை 60 மைல். அவர் வலது காலை ஒரு அங்குலம் அசைத்தாலே அதைத் தாண்டிவிடுவார், பிறகு மிச்சப் பயணம் முழுக்க அடக்கி வாசிக்கவேண்டும். என் காரில் முதலாம், இரண்டாம் கியரை எஞ்சின் பாடும்வரை இழுத்தாலும் எல்லைக்குள்தான் நிற்பேன். மில்ற்றன் கீன்ஸில் ஏறத்தாழ 130 ரவுண்டபவுட் இருக்கிறது என்று மற்ற ஊர்க்காரர் எங்களைக் கேலி செய்வார்கள். ஒவ்வொன்றிலும் நாலிலிருந்து இரண்டுக்கு இறங்கி, குதிகாலைத் தூக்கி, மறுபடி மூன்றுக்கு ஏறவேண்டும். வேலை முடிந்து வரும் வழியில் பதினொரு ரவுண்டபவுட். வீட்டுக்கு வரும்போது அலுவலகத்தில் நடந்தது எதுவும் தலையில் மிச்சமில்லை.

சித்தப்பாவிடம் எனக்கு உண்மையாகவே ஒரு குறை உண்டு. அவர் யாழ்ப்பாணத்தில் ஹயர் ஓடியவர். ஓடியது ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், என்னைவிட இருபது வயது மூத்த கார். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை, பெற்றோல் இல்லை. எங்கள் ஊர் மெக்கானிக்குகள் அந்தக் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்தார்கள். பழைய சோடாப் போத்தலில் தங்கத்தின் விலைக்கு வாங்கிய பெற்றோல் கொஞ்சம், மூடியில் துளை. அதிலிருந்து காபரேற்றருக்குள் சில துளி பீய்ச்சி எஞ்சினை எழுப்பவேண்டும். சூடேறியதும் மண்ணெண்ணெய். வெள்ளைப் புகை, கண்ணெரிச்சல், இரண்டு நாளைக்கொருமுறை கழற்றிக் கரி துடைக்கும் பிளக். பொனெற்றைத் திறந்து போத்தலைப் பிடித்தவன் நான், சாவி போட்டவர் சித்தப்பா. “கொஞ்சம், கொஞ்சம், காணும்!” என்று அவர் கத்துவது இன்னும் காதில் நிற்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போன கர்ப்பிணிகள், கலியாண மாப்பிள்ளைகள், செத்த வீட்டுக்காரர் எல்லோரும் அந்தக் காரில்தான் போனார்கள். அந்தக் கார் ஓடியதற்குக் காரணம் அதைத் திறந்தால் விளங்கியது, தேய்ந்த பாகத்தை ஊர்ப் பட்டறையிலேயே கடைந்து போட முடிந்தது. அந்த மனிதர் இப்போது மூன்று வருசத்துக் காரின் எஞ்சின் விளக்கு எரிந்தால் பொனெற்றைத் திறக்காமல் டீலருக்குத் தொலைபேசி எடுக்கிறார். கிணறு என்ற சொல்லை அவர் அனுபவத்திலிருந்து எடுக்கவில்லை. அனுபவம் அவருக்கு நேர்மாறாக அல்லவா சொல்லிக்கொடுத்திருந்தது?

எதிர்க்கட்சி சொல்வதில் இரண்டு விடயம் சரி, அவற்றை மழுப்ப மாட்டேன். ஒன்று பாதுகாப்பு. என் காரில் சாரதிக்குக் காற்றுப்பை உண்டு, பக்கவாட்டில் எதுவுமில்லை. வழுக்கினால் பிடித்து நிறுத்தும் மின்னணுக் கை இல்லை. ஈரச் சாலையில் வளைவு நடுவே சடாரென்று காலை எடுத்தால் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும். நேற்று லைசன்ஸ் எடுத்த பிள்ளைக்கு இதை வாங்கிக் கொடுக்காதீர்கள், இன்சூரன்ஸ்காரரும் விடமாட்டார். மற்றது காற்று. லண்டனுக்குள் இருக்கிறவர்களுக்கு என் கார் சரிவராது. 2023 ஓகஸ்ட் 29 முதல் நகரின் எல்லாப் பகுதிகளும், புகை கூடிய கார்களிடம் காசு வாங்கும் யூலெஸ் வலயத்துக்குள் வந்துவிட்டன. இந்த வயதுக் கார் உள்ளே ஓடும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண். ஹரோ மண்டபத்துக்கு நான் ரொயோட்டாவில் போனதன் காரணம் அதுதான். நுரையீரலுக்கு அந்தச் சட்டம் நல்லது, அதோடு எனக்குச் சண்டையில்லை. அதே அளவுகோலைக் கரியமில வாயுவுக்கும் பிடியுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஆண்டுக்கு மூவாயிரம் மைல் ஓடுகிறேன், ஏறத்தாழ 455 லீற்றர் பெற்றோல், லீற்றருக்கு 2.3 கிலோ. கிட்டத்தட்ட ஒரு தொன். ஒரு புதிய காரைச் செய்து வெளியே விடவே பல தொன் போய்விடுகிறது. நாலு வருசத்துக்கொரு தடவை திறப்பைக் கொடுத்துத் திறப்பை வாங்குகிறவர் எனக்குச் சூழல் பாடம் எடுக்கவேண்டாம்.

எங்கள் கட்சிக்காரர்களையும் ஒரு பிடி பிடிக்கவேண்டும். “இது முதலீடு, விலை ஏறும்” என்று மனைவியிடம் சொல்லி வாங்குகிறவர்கள் கிணற்றுக் கதைக்கு உண்மையிலேயே தீனி போடுகிறார்கள். முதலீடென்று வாங்கியவன் ஓட்டப் பயப்படுவான், போர்வை போட்டு மூடி வைப்பான். ஐந்து வருசம் கழித்து எடுத்துப் பார்த்தால் ரப்பர் வெடித்திருக்கும், பிறேக் இறுகியிருக்கும், எலி கூடு கட்டியிருக்கும். ‘ஒரே உரிமையாளர், முப்பதாயிரம் மைல்’ என்ற விளம்பரத்துக்கு மயங்குகிறவர்களும் அதே ஆட்கள்தான். மைல் எண்ணிக்கை எஞ்சினின் கதையை மட்டும் சொல்லும், அதுவும் பாதிதான். இந்தக் காரின் எஞ்சின், எண்ணெய் மாற்றினால், இரண்டு லட்சம் மைல்வரை ஓடிக்கொண்டே இருக்கும். காரைக் கொல்வது கறள்.

நோர்தாம்ப்டனில் காரைப் பார்க்கப் போனபோது நான் எஞ்சினைக் கடைசியாகத்தான் பார்த்தேன். போகுமுன் இலக்கத் தகட்டை அரசாங்கத்தின் இணையப் பக்கத்தில் போட்டு எம்.ஓ.ரி வரலாறு முழுவதையும் வாசித்திருந்தேன். இலவசம், 2005இலிருந்து இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் எத்தனை மைல், எதில் தோற்றது, எதை எச்சரித்தார்கள், எல்லாம். ஒருவரின் சாதகத்தைவிட நம்பலாம். ‘பின் சில்லில் அரிப்பு’ என்று ஓராண்டு எழுதி, அடுத்த ஆண்டு அது மாயமாகியிருந்தால் யாரோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள், அல்லது பசை பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். துணி சுற்றிய காந்தத்தைச் சில்லின் மேல் நகர்த்தினேன். இரும்பிருக்கும் இடத்தில் பிடிக்கும், பசையில் வழுக்கும். பிறகு விற்பவரிடம் ஒரு போத்தல் தண்ணீர் கேட்டேன். துணிக் கூரையில் விழும் மழை, இருக்கைகளுக்குப் பின்னால் இரு மூலையிலும் உள்ள துளைகளால் இறங்கி, பின் டயருக்கு முன்னால் தரையில் சொட்டவேண்டும். இலைச் சருகு அடைத்தால் தண்ணீர் சட்டத்துக்குள் தேங்கி உள்ளிருந்தே அரிக்கும். வலது மூலையில் ஊற்றினேன், கீழே சொட்டியது. இடது மூலையில் ஊற்றினேன், மேலேயே நின்றது. விற்பவரும் நானும் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கேட்ட விலை 3,900. எழுநூறு குறைந்தது அந்த அரைப் போத்தல் தண்ணீரால்தான். வெல்டிங்காரருக்குப் பிறகு கொடுத்ததும் அதே எழுநூறு.

வீட்டுக்குள் மட்டும் இந்த வாதம் எடுபடவில்லை. மகளுக்குப் பதினேழு முடிந்து லைசன்ஸுக்குப் படிக்கிறாள், ஒட்டோமற்றிக்குக்குத்தான் பதிந்திருக்கிறாள். “அப்பா, நான் ஓடப்போறது எல்லாம் பற்றறிக் கார்தானே” என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ‘ஒட்டோமற்றிக் மட்டும்’ என்று சொல்லும் 78 என்ற குறியீட்டோடு வரும் லைசன்ஸ் அட்டையை வைத்துக்கொண்டு அவளால் என் காரைத் தனியாகச் சாலையில் எடுக்க முடியாது. ஆனால் ஞாயிறு காலையில் கூரையைத் திறந்தால் கூப்பிடாமலே வந்து ஏறிக்கொள்கிறாள். ரயில் நிலையத்துக் கார்ப் பார்க் அந்த நேரம் வெறுமையாகக் கிடக்கும். நான் கிளச்சை மிதிக்க, பக்கத்து இருக்கையிலிருந்து அவள் தடியைத் தள்ளுகிறாள். மூன்றாவது தானாக விழுகிறது. இரண்டாவதுக்கு இன்னும் அவசரப்படுகிறாள்.